விமானியின் மொழித் தேர்வு

மொழி பல தொழில்களுக்குக் கருவியாய் நிற்பது. புலவன் அதனால் உள்ளத்தைக் களிப்பிக்கின்றான், வணிகன் விலை பேசுகின்றான், வழக்கறிஞன் வாதிடுகின்றான். இவர்தம் சொல்லிற் பிழை நேருமாயின் அதனைத் திருத்திக்கொள்ளக் காலம் உண்டு. அக்காலம் பெரும்பாலும் வாய்க்கப்பெறாத தொழில் ஒன்று உளது. அது விமானம் செலுத்துந் தொழில். ஆதலினாலேயே, வானொலி வழியாக இன்ன மொழியிற் பேசவும் கேட்டுணரவும் வல்லன் என்று விமானி தேர்வு பெறுதலும், அத்தகுதி அவனது உரிமத்திற் பதியப்பெறுதலும் விதியாயின. இத்தேர்வு யாது, எக்காரணம் பற்றி எழுந்தது, தமிழ் மாணவன் ஒருவன் அதற்கு எங்ஙனம் ஆயத்தஞ் செய்தல் வேண்டும் என்பவற்றை ஈண்டு விளக்கப் புகுகின்றோம். ஆங்கிலத் தேர்வைப் பற்றிப் பலரும் ஒருவாறு அறிவர். ஆதலின், யாவர்க்கும் புதியதாகிய ஸ்பானிய மொழித் தேர்வை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். புதுமொழி கற்பான் நிலையினின்று நோக்கும்போதுதான் இத்தேர்வின் உண்மை இயல்பு புலனாகும்.

முதற்கண், இலக்கிய மொழிக்கும் வானில் வழங்கும் மொழிக்கும் உள்ள வேற்றுமையை நோக்குவோம். தருமபுரி பண்டைத் தகடூர் என்பதும், அதனை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி அவ்வையாரைத் தொண்டைமானிடந் தூதாக விடுத்தான் என்பதும் நம் மாணவர் அறிந்தனவே. தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டியபோது, அவை நெய் பூசப்பெற்று, மாலை சூட்டப்பெற்றுப் பொலிவன என்றும், தம் அரசன் படைக்கலங்களோ போரிற் சிதைந்து கொல்லன் பட்டடையிற் கிடப்பன என்றும் அவர் கூறினார். புகழ்வது போன்று பழித்தும், பழிப்பது போன்று புகழ்ந்தும் நின்ற அவ்வுரையின் அழகு அதன் இருபொருளிலேயே அமைந்தது. புலமைக்கு அணியாகும் இவ்விருபொருளே வானிற் பெருங்கேடாகும். விமானியின் சொல் ஒரு பொருளையே தருதல் வேண்டும். அப்பொருளும் கேட்ட அக்கணமே விளங்குதல் வேண்டும். பேசுவோர் ஒருவர் முகத்தை ஒருவர் காணார். கையசைவும் கண்குறிப்பும் அங்கே உதவா. இரைச்சலினூடே வரும் குரல் ஒன்றே துணை.

இனி, வானில் வழங்கும் மொழிகள் யாவை என்பது பற்றிச் சில கூறுவாம். 1944 ஆம் ஆண்டு சிக்காகோ நகரில் நிகழ்ந்த உடன்படிக்கையின் பயனாகச் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு தோன்றியது. அதன் தலைமையிடம் கனடா நாட்டு மாண்ட்ரீல் நகரம். விமான வானொலியில், தரை நிலையத்தார் வழக்கமாகப் பேசும் மொழியேனும் ஆங்கிலமேனும் வழங்கப்படலாம் என்பதும், நாடு கடந்து செல்லும் விமானங்களுக்குரிய நிலையங்களில் வேண்டுவார்க்கு ஆங்கிலத்திற் பேசுதற்கு வகை செய்தல் வேண்டும் என்பதும் அவ்வமைப்பின் விதிகள். இதனால் ஸ்பெயின், மெக்ஸிகோ, அர்ஜென்டினா முதலிய நாடுகளில் உள்நாட்டு விமானிகளும் கட்டுப்பாட்டாளரும் தம்முள் ஸ்பானிய மொழியிற் பேசுதல் இயல்பாயிற்று. ஐரோப்பிய விதிப்படி, வானொலியைப் பயன்படுத்தும் விமானி ஆங்கிலத்திலேனும், அவ்விடத்து வானொலியில் வழங்கும் மொழியிலேனும் தகுதிக் குறிப்புப் பெற்றிருத்தல் வேண்டும். ஆகவே, ஸ்பெயின் நாட்டில் அந்நாட்டு மொழியிற் பேசிப் பறக்க விரும்புவோன், தமிழனேயாயினும் வேற்று நாட்டானேயாயினும், ஸ்பானிய மொழித் தேர்வில் தேறுதல் வேண்டும்.

இவ்விதிகளின் பின்னே நிற்பவை பெருந்துயரங்கள். 1976 செப்டம்பர் 10 ஆம் நாள், அக்காலத்து யுகோஸ்லாவிய நாட்டைச் சேர்ந்த ஸாக்ரெப் நகருக்கருகே வானில் இரு விமானங்கள் மோதின. 176 பேர் மாண்டனர். மோதலுக்கு வேறு காரணங்களும் உண்டெனினும், இறுதிக் கணங்களிற் கட்டுப்பாட்டாளர் உள்நாட்டு விமானிகளோடு தாய்மொழியிற் பேசியது மற்றை விமானத்திலிருந்த ஆங்கிலேய விமானிகளுக்கு விளங்கவில்லை. 1977 மார்ச் 27 ஆம் நாள், ஸ்பெயினுக்குரிய கானரித் தீவுகளுள் ஒன்றான டெனரீப்பில், பனிமூட்டத்தினிடையே இரு போயிங் 747 விமானங்கள் ஓடுபாதையில் மோதி, 583 பேர் உயிரிழந்தனர். கட்டுப்பாட்டாளர் ஸ்பானியர், ஒரு விமானத்தார் டச்சுக்காரர், மற்றையோர் அமெரிக்கர், பேசியது ஆங்கிலம். டச்சு விமானி புறப்படத் தொடங்கிவிட்டமையைக் குறித்துச் சொன்ன சொற்றொடரைக் கட்டுப்பாட்டாளர், அவர் புறப்படுதற்கு ஆயத்தமாய் நிற்கின்றார் என்று கொண்டார். புறப்பாட்டைக் குறிக்கும் 'டேக் ஆஃப்' என்னுஞ் சொல், அதற்கு அனுமதி வழங்கும்போதும் அவ்வனுமதியை நீக்கும்போதும் அன்றி வேறெங்கும் வரலாகாது என்ற கட்டளை இவ்விபத்தின் பின்னர் ஏற்பட்டதே.

1990 ஜனவரி 25 ஆம் நாள் கொலம்பியா நாட்டு விமானம் ஒன்று நியூயார்க் நகரை அடைந்தது. அங்கே இறங்க இடம் பெறாது ஒரு மணி நேரத்துக்கு மேல் வானிற் சுழன்றது. பின்னர் எரிபொருள் தீர்ந்து லாங் தீவில் வீழ்ந்தது. அதிலிருந்த 158 பேருள் 73 பேர் இறந்தனர். அவசர நிலையைத் தெரிவிக்குமாறு தலைமை விமானி தம் துணை விமானியிடம் ஸ்பானிய மொழியிற் கூறினார். துணை விமானி ஆங்கிலத்தில் எரிபொருள் குறைந்து வருகின்றது என்றாரேயன்றி, 'எமர்ஜென்ஸி' என்னும் உரிய சொல்லைச் சொல்லவில்லை. ஒரு சொல் வாராமையால் அவ்விமானத்தின் இடர் கேட்டோர்க்கு அதன் முழு அளவிற் புலப்படவில்லை.

இதற்கு மறுதலையானது 1995 டிசம்பர் 20 ஆம் நாள் கொலம்பியாவில் நிகழ்ந்தது. காலி என்னும் நகரை நோக்கி வந்த அமெரிக்க விமானம் வழி தவறி மலையில் மோதியது. 159 பேர் மாண்டனர், நால்வரே பிழைத்தனர். வழி தவறியது விமானிகளின் பிழையே. ஆயினும், அவர்களது வேண்டுகோள் பொருத்தமற்றதெனத் தமக்குத் தோன்றியதாகவும், அவர்கள் ஸ்பானிய மொழி பேசுவோராயிருந்தால் அதனை எடுத்துரைத்து வினவியிருப்பதாகவும் கட்டுப்பாட்டாளர் பின்னர் கூறினார். வழக்கமான தொடர்களுக்கு அவரது ஆங்கிலம் போதியதாயிருந்தது. ஐயத்தை வெளியிடுதற்குப் போதவில்லை. மறு ஆண்டு, 1996 நவம்பர் 12 ஆம் நாள், நம் நாட்டில் ஹரியானாவைச் சேர்ந்த சர்க்கி தாத்ரியின்மேல் சவூதி விமானமும் கஸக்ஸ்தான் விமானமும் வானில் மோதின; இரண்டிலுமிருந்த 349 பேரும் மாண்டனர். 15,000 அடியில் நிற்குமாறு பணிக்கப்பெற்ற கஸக்ஸ்தான் விமானம் அதனினுங் கீழே இறங்கியதே மோதலுக்குக் காரணம். அவ்விமானத்தாரின் ஆங்கிலப் பயிற்சிக் குறைவும் இதனோடு சேர்த்து எண்ணப்பட்டது.

இவற்றையெல்லாம் ஒருங்கு வைத்து நோக்குவார்க்கு ஓர் உண்மை புலனாகும். பெரும்பாலும் கேடு விளைத்தது சொல்வன்மை இல்லாமையன்று. சொல்ல வேண்டிய எளிய சொல்லைச் சொல்லாமையும், கேட்க வேண்டிய வினாவைக் கேளாமையுமே. மொழித் தேர்வு இக்குறையை நீக்க எழுந்தது என்பதை மனத்திற் கொள்ளின், அதற்கு ஆயத்தஞ் செய்யும் வழியும் தானே விளங்கும்.

மேற்கூறிய விபத்துக்களின் பின்னர், 1998 இல் சர்வதேச அமைப்பின் பேரவை இப்பொருளை எடுத்துக்கொண்டது. 2003 இல் புதிய விதிகள் இயற்றப்பட்டன. 2008 மார்ச் 5 அவை நடைமுறைக்கு வருநாளாகக் குறிக்கப்பட்டது. ஆயத்தமாகாத நாடுகளுக்கு 2011 மார்ச் வரை தவணை அளிக்கப்பட்டது. தகுதியை அளத்தற்கு ஆறு படிகள் வகுக்கப்பட்டன. நான்காம் படியை எய்தியவனே நாடு கடந்து பறத்தற்கு உரியவன். ஆறாம் படி வல்லுநர் படி. உச்சரிப்பு, இலக்கண அமைப்பு, சொல்வளம், தடையற்ற பேச்சு, கேட்டுணர்தல், உரையாடலில் உடனுக்குடன் பதிலிறுத்தல் என்னும் ஆறு கூறுகளில் தேர்வு நடைபெறும். இவ்வாறனுள் எதில் மிகக் குறைந்த படி பெறுகின்றானோ, அதுவே அவனது இறுதிப் படியாகும். ஐந்து கூறுகளில் ஐந்தாம் படி பெற்றவனும், கேட்டுணர்தலில் மூன்றாம் படி பெற்றானாயின், அவன் மூன்றாம் படியினனே. சர்வதேச அமைப்பின் பரிந்துரைப்படி, நான்காம் படியினன் மூன்றாண்டுக்கு ஒருமுறையும், ஐந்தாம் படியினன் ஆறாண்டுக்கு ஒருமுறையும் மீளத் தேர்வுக்கு உட்படுதல் வேண்டும். ஐரோப்பிய விதியில் நான்காம் படிக்கு நான்காண்டுத் தவணை. ஆறாம் படியினர்க்கு மறுதேர்வு இல்லை. படிகளும் கூறுகளும் ஆங்கிலத்திற்கும் ஸ்பானியத்திற்கும் ஒன்றே.

ஈண்டு மாணவர் ஊன்றி நோக்க வேண்டுவது ஒன்று உண்டு. இத்தேர்வு அயலாரது குரலைப் போன்று குரல் கொள்ளுமாறு எவரையுங் கேட்பதன்று. தாய்மொழியின் சாயல் உச்சரிப்பில் இருக்கலாம். அது பொருள் விளங்குதற்குச் சிற்சில வேளைகளிலன்றி இடையூறு செய்யாதிருந்தாற் போதும் என்பதே நான்காம் படியின் இலக்கணம். இது பேச்சுக்கும் கேள்விக்குமே உரிய தேர்வு. சொற்றொடரைப் பகுத்தெழுதலும் கட்டுரை வரைதலும் இதன் உட்கிடை அல்ல.

இனி, தமிழ் மாணவன் ஸ்பானிய மொழியை அணுகுங்கால் எவை எளியவாம், எவை அரியவாம் என்று ஆராய்வோம். எளியவை பல. ஆங்கிலத்தில் மொழிமுதல் வல்லொலிகள் மூச்சோடு வெளிப்படும். ஸ்பானியத்தின் ப, த, க ஒலிகள் நம்முடையன போன்றே மூச்சின்றி ஒலிப்பன. தகரம் பல்லைத் தொட்டுப் பிறப்பது. 'காது' என்பதில் தகரம் உயிர்களினிடையே மென்மையுறுதல் போன்று, பக்கம் எனப் பொருள்படும் 'லாதோ' என்னும் ஸ்பானியச் சொல்லிலும் அவ்வொலி மென்மையுறும். நம் ரகர றகரங்கள் பண்டு வேறாய் ஒலித்தமை போன்று, அங்கும் இரு ரகரங்கள் பொருளை வேறுபடுத்தும்: 'பெரோ' எனின் 'ஆனால்' என்பதாம்; 'பெறோ' என நாவை உருட்டிச் சொல்லின் 'நாய்' என்பதாம். வினைமுற்றின் ஈறே தன்மை முன்னிலை படர்க்கைகளைக் காட்டுதலும் நமக்குப் பழகியதே: 'ஆப்லோ' என்றால் பேசுகின்றேன், 'ஆப்லாமோஸ்' என்றால் பேசுகின்றோம். 'நான்', 'நாம்' என வேறு சொல் வேண்டுவதில்லை.

அரியன சில. முதலாவது, எழுத்து. தமிழ் மாணவன் தன் குறிப்பேட்டில் அயற்சொற்களைத் தமிழெழுத்திற் பொறித்துப் படிப்பானாயின் இடர்ப்படுவான். எடை எனப் பொருள்படும் சொல்லும் முத்தம் எனப் பொருள்படும் சொல்லும் நம் எழுத்தில் 'பேசோ' என்றே வரும். பகரம் முன்னதில் வன்மையாகவும் பின்னதில் மென்மையாகவும் ஒலிக்கும். விமானத்தின் எடையைக் கூறவந்த இடத்தில் இது நகைப்புக்கே இடமாம். இரண்டாவது, அசையழுத்தம். தமிழிற் பொருளை வேறுபடுத்துவது குறில் நெடில். அவர்தம் மொழியில் அழுத்தம். 'பாரோ' என முதலசையை அழுத்தின் நிறுத்துகின்றேன் என்றும், 'பரோ' என ஈற்றசையை அழுத்தின் அவன் நிறுத்தினான் என்றும் பொருளாம். எஞ்சினை நிறுத்தியவர் யார், எப்பொழுது என்பது விமானத்திற் சிறு செய்தியன்று. மூன்றாவது, பால். நாம் அஃறிணைப் பொருள்களுக்கு ஆண்பால் பெண்பால் கூறோம். அவர்க்கோ, ஓடுபாதையைக் குறிக்கும் 'பிஸ்தா' பெண்பால். எஞ்சினைக் குறிக்கும் 'மொத்தோர்' ஆண்பால். நான்காவது, எண்கள். 'செசென்தா' அறுபது, 'செதென்தா' எழுபது. ஓரொலியே இவற்றை வேறாக்கும். இத்தகைய மயக்கத்தைத் தவிர்த்தற்கே வானொலியில் எண்களைப் பெரும்பாலும் இலக்கம் இலக்கமாகப் பிரித்துச் சொல்லுதல் வழக்கு. ஆங்கிலத்திலும் இவ்வாறே ஒன்பதை 'நைனர்' என்றும், மூன்றை 'ட்ரீ' என்றும் ஒலித்துத் தெளிவு பெறுகின்றனர்.

ஆயத்தஞ் செய்யும் முறையை ஐந்தாக வகுக்கலாம். முதலாவது, வரையறுக்கப்பட்ட தொடர்களை மனனஞ் செய்தல். 'அவுத்தோரிசாதோ அ தெஸ்பெகார்' என்பது புறப்பட அனுமதி. 'சலீதா' என்பது பொதுவாகப் புறப்பாடு. 'வியெந்தோ' என்பது காற்று. இவை கேட்டவுடன் விளங்கவும், நினையாமலே நாவில் வரவும் வேண்டும். இரண்டாவது, கேட்டதைத் திருப்பிச் சொல்லும் பழக்கம். ஒருவர் எண்களையும் கட்டளைகளையும் படிக்க, மற்றவர் இரைச்சலினூடே கேட்டெழுதி, அவ்வாறே திருப்பியுரைத்தல் நன்று. மூன்றாவது, பல நாட்டார் குரலைக் கேட்டல். ஐந்து என்னும் எண்ணின் முதலொலியை மெக்ஸிகோ நாட்டார் சகரமாக ஒலிப்பர். ஸ்பெயின் நாட்டாருட் பலர் நாவைப் பல்லிடைக்கொண்டு ஒலிப்பர். ஓர் ஆசிரியர் குரலையே கேட்டவன் இரண்டாமவர் குரலில் மயங்குவான்.

நான்காவது, மனனஞ் செய்த தொடர்களுக்கு அப்பாற்பட்டதைச் சொல்லப் பழகுதல். இதுவே தேர்வின் நடுநாயகம். பறவை மோதி எஞ்சின் பழுதுற்றது. விமானத்துள் புகை எழுந்தது. பயணி ஒருவர் மயங்கி வீழ்ந்தார். இவற்றிற்கெல்லாம் ஆயத்தத் தொடர் கிடையாது. தனக்குத் தெரிந்த சிறு சொற்களாலேயே நிலைமையை விளக்குதல் வேண்டும். சக்கர அமைப்பின் பெயர் நினைவுக்கு வாராதாயின், சக்கரங்கள் கீழே இறங்கவில்லை என்று கூறினால் அமையும். தேர்வாளர் அவ்விடத்திற் பெயரை நாடார். பொருள் விளங்கிற்றா என்பதையே நாடுவர்.

ஐந்தாவது, வினவுதல். மீண்டும் சொல்க, உறுதி செய்க, எனக்கு விளங்கவில்லை என்னும் மூன்றையும் நாணாது சொல்லப் பழகுவதே எல்லாவற்றினுந் தலையாய பயிற்சி. நம் வகுப்புக்களில் ஆசிரியர் 'விளங்கிற்றா?' என்றவுடன், விளங்காதாரும் 'விளங்கிற்று' என்று தலையசைக்கும் வழக்கம் வேரூன்றியுள்ளது. வினவினாற் பிறர் நகுவர் என்ற அச்சமே இதற்குக் காரணம். வகுப்பறையில் இதனால் இழப்பது சில மதிப்பெண். வானில் இழப்பது உயிர். தேர்விலோ, விளங்காத இடத்தில் வினவித் தெளிவது குறையாக எண்ணப்படுவதில்லை. பதிலிறுத்தல் என்னும் ஆறாங் கூறில் அதுவே தகுதியின் அடையாளமாகக் கொள்ளப்படுகின்றது.

இவையெல்லாம் தருமபுரி மாவட்டத்து மாணவர்க்கு எற்றுக்கு எனச் சிலர் வினவலாம். இம்மாவட்டத்தில் விமான நிலையம் இல்லை என்பது மெய்யே. ஆனால் ஓமலூருக்கு அணித்தாகிய காமலாபுரத்திற் சேலம் விமான நிலையம் உளது. விமானப் பயிற்சிப் பள்ளி அமைத்தற்கு இந்திய விமான நிலைய ஆணையம் தேர்ந்தெடுத்த இடங்களுள் அதுவும் ஒன்று. ஊர்ப்புறத்துத் தமிழ்வழிப் பள்ளிகளிற் பயின்ற பிள்ளைகள், அயன்மொழி என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்தே, இத்தொழில் தமக்குரியதன்று என ஒதுங்குதலை யாம் கண்டிருக்கின்றோம். அவர்கள் அஞ்சுவது நகரத்தார் நாவின் ஒயிலைக் கண்டு. தேர்வு கேட்பதோ அவ்வொயிலை அன்று.

மேலும், பலமொழிப் பழக்கம் இம்மண்ணுக்குப் புதிதன்று. 1792 இல் பாராமகால் கும்பினியார் கைப்பட்டபோது, மக்கள் மொழி அறிந்த சிவில் அலுவலர் அரியராயிருந்தமையால், கார்ன்வாலிஸ் பிரபு படைத்துறையைச் சேர்ந்த அலெக்ஸாண்டர் ரீட், தாமஸ் மன்றோ முதலியோரிடம் அதன் ஆட்சியை ஒப்புவித்தார். மொழியறிவே பதவிக்குத் தகுதியாயிற்று. இன்றும் இம்மாவட்டத்துச் சந்தைகளில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒருங்கே ஒலிக்கின்றன. ஏட்டைத் தொடாத காய்கறி வணிகரும் மும்மொழியிலும் விலை கூறி, கேட்ட எண்ணைத் திருப்பிச் சொல்லி உறுதிசெய்து, விளங்காத இடத்தில் 'எவ்வளவு?' என்று மீண்டும் கேட்டுப் பொருளைக் கைமாற்றுகின்றனர். மொழித் தேர்வு வேண்டும் திறம் இதுவே. சந்தையிற் பெற்ற இத்திறத்தைப் பிள்ளைகள் பள்ளிவாயிலில் விட்டுச் செல்லாது, உடன் கொண்டு செல்வார்களாக.

இறுதியாக ஒன்று கூறி அமைகின்றோம். இத்தேர்வு அயன்மொழி கற்பார்க்கு மட்டும் உரியதன்று. அம்மொழியைத் தாய்மொழியாகக் கொண்டோரும் தம் தகுதியை நிறுவுதல் வேண்டும். விரைந்து பேசுதலையும், தம் நாட்டுக் கொச்சை வழக்கையும் விடுத்துக் கேட்பானுக்கு விளங்குமாறு பேசுதல் அவர்தங் கடன். பேசுவோன் தெளிவாகச் சொல்லுதலும், கேட்போன் விளங்காதபோது விளங்கவில்லை என்று கூறுதலும் ஆகிய இவ்விரண்டையும் இன்றே நம் வகுப்பறைகளில் தொடங்குதல் தகும். வானூர்தி ஏறுவார்க்கேயன்றி, மருத்துவராகவும் ஆசிரியராகவும் அலுவலராகவும் செல்லவிருக்கும் நம் மாணவர் அனைவர்க்கும் அது பயன் தருவதாகும்.